கம்பத்தில் ஏறிய கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்தியில் அந்த வரி வராமல் இருக்காது: கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. எண் எல்லோருக்கும் பழக்கம். கூண்டு நம்மிடம் வந்து சேர்ந்த வழிதான் பலருக்குத் தெரியாது.

அந்த வழி கிரிமியப் போரில் தொடங்குகிறது. 1854 நவம்பரில் கருங்கடலில் வீசிய புயல், ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகளின் கப்பல்களைச் சிதறடித்தது. நெப்டியூன் கோளின் இருப்பிடத்தைக் கணக்குப் போட்டே சொன்ன வானியலாளர் லெ வெரியேவிடம் பிரான்ஸ் அரசு விசாரணையை ஒப்படைத்தது. புயல் ஐரோப்பாவைக் கடந்து வந்த தடம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தந்தி புயலைவிட வேகமாக ஓடும்; முந்திக்கொண்டு செய்தி அனுப்பியிருக்கலாமே!

ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியத் தங்கத்தோடு மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், வீடு நெருங்கிய வேளையில் வேல்ஸ் கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லண்டனில் வானிலைத் துறையை நடத்திவந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய ‘பீகிள்’ கப்பலின் தலைவர் இவர்தான். கரையோர ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளைத் தந்தியில் வரவழைத்து, 1861 பிப்ரவரியில் முதல் புயல் எச்சரிக்கையை அனுப்பினார்.

தந்தி துறைமுகம் வரைக்கும்தான் வரும். கடலில் நிற்கும் படகுக்கு யார் சொல்வது? வளையங்களின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, கறுப்பாக்கி, ஒரு கூம்பும் ஓர் உருளையும் செய்தார் ஃபிட்ஸ்ராய். நம் கூண்டின் முன்னோடி இவைதான். கொடி காற்றில்லாதபோது சுருண்டுகொள்ளும். தூரத்தில் நிறமும் மங்கும். கூம்பையும் உருளையையும் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே உருவம்தான். கூம்பின் முனை மேல்நோக்கியிருந்தால் வடக்கிலிருந்து காற்று, கீழ்நோக்கியிருந்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகள் அதே வடிவில் தொங்கும். வேலை முடிந்தால் வளையங்களைத் தட்டையாக மடித்து உள்ளே வைத்துவிடலாம். இவ்வளவு எளிமையாக ஒன்றை யோசிப்பது பெரிய ஆற்றல் என்றே நினைக்கிறேன்.

ஏளனமும் பணமுடையும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்த, 1865-இல் ஃபிட்ஸ்ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இறுதியில், புயல் எச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அறிஞர்கள் அதையே நிறுத்திவிட்டார்கள். கடலோடிகள் விடவில்லை. அவர்களது கூச்சலுக்குப் பணிந்து, 1867-இல் கூம்பு மறுபடி கம்பம் ஏறியது.

அதற்குள் புயல் எச்சரிக்கை வங்காளக் கரைக்கு வந்துவிட்டிருந்தது. 1864 அக்டோபர் 5 அன்று ஹூக்ளி ஆற்றுக்குள் புகுந்த கடல், கல்கத்தாத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைக் கரையில் தூக்கிப் போட்டது. பல்லாயிரம் உயிர்கள் போயின. ஒரு மாதம்கூட நிறையவில்லை, மசூலிப்பட்டினத்தில் அடுத்த பேரழிவு. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. பிறகு மற்றத் துறைமுகங்கள் பின்தொடர்ந்தன, ஆளுக்கொரு குறியீட்டோடு! ஒரு துறைமுகத்துக் குறியைப் படித்துப் பழகிய மாலுமி அடுத்த துறைமுகத்தில் திணறினார். 1898-இல்தான் எல்லாவற்றுக்கும் பொதுவான முறை வந்தது. அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

கிழக்கே மணிலாவில் இயேசு சபைப் பாதிரியார் ஃபெடெரிகோ ஃபவுரா 1879-இல் சூறாவளி எச்சரிக்கை தந்தார். ஹாங்காங் 1884-இல் உருளை, பந்து, கூம்பு என்று தன் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. 1917-இல் எண்களையும் சேர்த்தது. அங்கே 2002-இல் கம்பத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். எண்கள் மட்டும் அறிவிப்பில் ஒலிக்கின்றன.

நம் எண்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எண் கூடக்கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது என்று பலரும் நம்புகிறோம். பாதிதான் உண்மை. 1, 2 என்றால் தொலைகடலில் நடப்பதைப் புறப்படும் கப்பலுக்குச் சொல்வது. 3, 4 என்றால் துறைமுகமே அச்சத்தில் இருக்கிறது. 5, 6, 7 மூன்றும் அபாயத்தில் ஒரே தட்டு. வேறுபடுவது புயலின் வழி மட்டும். துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. பெரும் அபாயத்துக்கு அதே வரிசையில் 8, 9, 10. வங்கக் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், மேற்கே நகரும் புயலுக்கு வலப்பக்கம், அதாவது வடக்கே இருக்கும் ஊருக்குத்தான் காற்று கடலைக் கரை நோக்கித் தள்ளும். 8-க்கும் 9-க்கும் நடுவே இருப்பது இந்த வித்தியாசம். 11 ஏறினால், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று துறைமுக அதிகாரியே கருதுகிறார் என்று பொருள். தந்திக் கம்பி அறுந்த காலத்து எச்சரிக்கை அது.

இப்போது செயற்கைக்கோளும் ராடாரும் பார்க்கின்றன, செய்தி கைப்பேசிக்கே வருகிறது. ஆனாலும் கூண்டு ஏறுகிறது. செய்தி வாசிப்பவர்கள் எண்ணோடு நிறுத்தாமல், புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கரையோர மக்களுக்கு அது எவ்வளவோ உதவும். கூண்டில் அந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது.