கோவிவனுக்கு ஏன் கல் வைத்தார்கள்?

இயந்திரத்துக்கு அறம் வருமா என்று பேச்சு வந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு நாய். 1,400 வருஷத்துக்கு முந்தைய நாய்.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரம். நடுகற்களுக்குப் பேர்போன பகுதி. 1972-ல் தமிழகத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டிருக்கிறது. இந்தப் பக்கத்து எடுத்தனூரில் இருப்பது மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்ததைச் சொல்கிறது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் உண்டு. நாய்க்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்: பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. நாயும் செத்ததா? கல் சொல்லவில்லை. காத்து நின்றதே போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இப்போது எம்.ஐ.டி.க்கு வாங்க (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்கா). 2016-ல் 'மாரல் மெஷின்' என்று ஒரு இணையச் சோதனை தொடங்கினார்கள். தானாக ஓடும் காருக்கு பிரேக் போய்விட்டது, யாரை இடிக்கலாம், யாரை விடலாம்? உலகம் முழுக்கச் சுமார் 4 கோடி பதில்கள் வந்தன. அந்தப் படங்களில் நாயும் உண்டு. பெரும்பாலோர் மனிதர்களைத்தான் காப்பாற்றினார்கள். இதை கோடாக எழுதுவது கஷ்டமே இல்லை. மனிதருக்கு இத்தனை மதிப்பெண், நாய்க்கு இத்தனை. கார் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

"கோவிவன் மட்டும் அறம் தெரிந்தா கடித்தது? பழக்கினார்கள், கடித்தது. அதுவும் ஒரு நிரல்தானே?" என்றார் நண்பர். நியாயமான கேள்வி. எதிரி ஊரில் வளர்ந்திருந்தால் அந்த ஊருக்காகக் கடித்திருக்கும். செங்கம் கற்களிலேயே தொறு, அதாவது மாட்டு மந்தை, கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. பரிவு பெரும்பாலும் சொந்த ஊர் எல்லையோடு நின்றுவிடுகிற சரக்குதான். அப்படிப் பார்த்தால் உன் மாடு, என் மாடு என்ற பேதமே தெரியாத இயந்திரம் மேல் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு அது ஒப்பவில்லை. கோவிவனுக்கு வலி தெரியும், பயம் தெரியும். ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. இயந்திரத்துக்கு ஓடத் தோன்றாது. அதனால் அது நிற்பதில் பெருமை சொல்ல ஒன்றுமில்லை. நிரல் எழுதியவர் யோசித்துவைக்காத இடத்தில், எதிரே நிற்பவருக்கு வலிக்குமே என்று அதற்கு எப்படி உறைக்கும்? அதற்கே வலித்ததில்லையே. நல்ல நடத்தை வரும், அது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. அறம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

சட்டமும் இதுவரை அப்படித்தான் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கி கார், சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. வழக்கு, உள்ளே கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர் மேல். 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. காரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.