கருவூலத்தில் பிறந்த திட்டம்

கைக்குழந்தைகளுக்கான அரசுத் திட்டம் சுகாதாரத் துறையில் பிறந்திருக்கும், இல்லாவிட்டால் கல்வித் துறையில் பிறந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கிலாந்தின் ‘ஷுவர் ஸ்டார்ட்’ பிறந்ததோ நிதி அமைச்சகத்தில். அதை உருவாக்கியவர் நார்மன் கிளாஸ். டப்ளினில் பிறந்த பொருளாதார அதிகாரி. அரசு எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவர் வேலை.

1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நிதி அமைச்சர் கோர்டன் பிரவுன் எல்லாத் துறைகளின் செலவையும் அடியிலிருந்து அலசச் சொன்னார். எந்தத் துறைக்கும் முழுசாகச் சொந்தமில்லாத விஷயங்களுக்குத் தனித்தனி ஆய்வுகள் வைத்தார்கள். சின்னக் குழந்தைகள் பற்றிய ஆய்வு கிளாஸ் கைக்கு வந்தது. பார்த்தால், பள்ளியில் சேர்ந்த பிறகுதான் பிள்ளைக்கு ஒழுங்காகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய, மிக முக்கியமான வருடங்களில் கிடைப்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே வீட்டுக் கதவைப் பல அலுவலகங்கள் தட்டுகின்றன. ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது.

இப்படி ஆனதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பிரசவமான வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் சுகாதாரச் செவிலியர் அங்கே நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறார். 1862இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதிப் பெண்கள் சங்கம் ஒன்று தொடங்கிவைத்த வழக்கம் அது. பிறகு அவர்கள் உள்ளூர் கவுன்சில் ஊழியர்கள் ஆனார்கள். 1974இல் தேசிய சுகாதார சேவையை மாற்றியமைத்தபோது அவர்களைக் கவுன்சிலிடமிருந்து பிரித்துச் சுகாதார ஆணையங்களிடம் கொடுத்துவிட்டார்கள். சமூகநலப் பணியாளர்கள் கவுன்சிலிலேயே நின்றுவிட்டார்கள். அன்றுமுதல் குழந்தையின் எடையைப் பார்ப்பவர் ஓர் எஜமானரிடம், அதன் வீட்டுச் சுவரில் ஏறும் ஈரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னோர் எஜமானரிடம்.

பிரிந்ததை ஒட்டவைக்க முடியும் என்பதற்குக் கிளாஸின் குழுவுக்கு ஒரு முன்மாதிரி கிடைத்தது. கார்பி என்ற உருக்காலை ஊர். ஸ்காட்லாந்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. 1980 வாக்கில் ஆலையில் உருக்கு உற்பத்தி நின்றது, ஊரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1983இல் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் பென் கிரீன் மையம் திறந்தது. மாவட்டக் கல்வித் துறையும் சமூகநலத் துறையும் சேர்ந்து நடத்த, சுகாதாரத் துறையும் கைகொடுத்தது. முதல் தலைவர் மார்ஜி வேலி. எங்களைக் கேட்காமல் எங்கள் தெருவில் எதையோ கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று அக்கம்பக்கத்தார் முதலில் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பிலிருந்துதான் பெற்றோரைக் கூட உட்காரவைத்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் உதாரணங்களும் மேசைக்கு வந்தன. ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டம் ஒன்று. மிச்சிகனில் 123 ஏழைக் குழந்தைகளைச் சிறு வயதிலிருந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்த பெர்ரி ஆய்வு இன்னொன்று. சின்ன வயதில் போட்ட பணம் பின்னாளில் பெருகித் திரும்புகிறது என்றது அந்த ஆய்வு. நிதி அமைச்சகத்துக்குப் புரிகிற பாஷை அதுதானே!

1998 ஜூலையில் அறிவிப்பு வந்தது: மூன்று ஆண்டுகளுக்கு 54 கோடி பவுண்டு, இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் 250 திட்டங்கள். பொதுச் சுகாதார அமைச்சர் டெஸ்ஸா ஜோவெலும் கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட்டும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். நேயோமி ஐசன்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி முதல் இயக்குநர் ஆனார். ஒவ்வொரு திட்டமும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் நடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் அடங்க வேண்டும், அந்த எல்லைக்குள் நான்கு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஏழைக்கு மட்டும் என்று பலகை மாட்டினால் மானத்துக்கு அஞ்சி யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே நடந்தது எளிமையான காரியம். தாய் பிள்ளையின் எடை பார்க்க வருகிறாள். செவிலியர் தராசில் கிடத்தி, எண்ணைச் சிவப்பு அட்டைப் பதிவேட்டில் குறித்து, வளர்ச்சிக் கோடு எங்கே போகிறது என்று காட்டுகிறார். அதே கூடத்தில் பொம்மைகள். இரண்டு வயதாகியும் பேச்சு வராத மூத்தவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பேச்சுப் பயிற்சியாளர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனைக் கவனித்துவிடலாம். வாடகை பாக்கியா, புகைபிடிப்பதை விட வேண்டுமா, பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்து கிடக்கிறதா, கேட்க அதே கட்டடத்தில் ஆள் இருந்தார். கடிதம் எழுதி, ஆறு வாரம் காத்திருந்து, பேருந்து ஏறி வேறோர் அலுவலகத்தில் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுக்கும் குழுவில் அந்தத் தாய்மார்களும் உட்கார்ந்தார்கள்.

இதற்கிடையில் நாட்டை உலுக்கிய ஒரு மரணம். 2000 பிப்ரவரி 25 அன்று லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்ப்பதாகச் சொன்ன உறவினரின் கொடுமையால் இறந்தாள். உடலில் 128 காயங்கள். நான்கு சமூகநலத் துறைகள், இரண்டு காவல் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள் அவளை அறிந்திருந்தன. யாரும் காப்பாற்றவில்லை. அவள் மரணத்தை விசாரித்த லார்டு லேமிங்கின் 2003 அறிக்கை 108 பரிந்துரைகளைச் சொன்னது. 2004இல் வந்த குழந்தைகள் சட்டம், கல்வியையும் குழந்தை நலத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் இயக்குநரை ஒவ்வொரு பெரிய கவுன்சிலிலும் நியமிக்கச் சொன்னது. காவல் துறையும் சுகாதாரத் துறையும் கவுன்சிலுடன் ஒத்துழைப்பதைக் கடமையாக்கியது.

சட்டம் நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் ஷுவர் ஸ்டார்ட்டை விரித்துப் பரப்பும் அவசரமும் சேர்ந்துகொண்டது. 2010க்குள் 3,500 குழந்தைகள் மையங்கள் என்றார்கள். பொறுப்பு கவுன்சில்களுக்குப் போனது. ஒரு மையத்துக்குக் கிடைக்கும் பணம் சுருங்கியது, பெற்றோர் குழுக்களின் அதிகாரமும் போனது. 2005இல் கிளாஸே பத்திரிகையில் எழுதினார்: குழந்தையின் வளர்ச்சிக்காகத் தொடங்கியது, தாய்மாரை வேலைக்கு அனுப்பும் காப்பகத் திட்டமாக மாறுகிறது என்று. அதே ஆண்டு வெளியான முதல் மதிப்பீடு பெரிய பலன் எதையும் காட்டவில்லை. மிகவும் நலிந்த குடும்பங்களுக்குச் சில விஷயங்களில் பாதகம் என்றுகூடச் சொன்னது. பிள்ளைகள் தவழத் தொடங்குமுன் மதிப்பெண் கேட்டால் வேறு என்ன வரும்? 2011இல் இதற்கென்று ஒதுக்கிய பணத்துக்கு இருந்த பாதுகாப்பை நீக்கினார்கள். அடுத்த பத்தாண்டில் செலவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது, நூற்றுக்கணக்கான மையங்கள் மூடப்பட்டன.

கிளாஸ் 2009இல் காலமானார். நிதி ஆய்வுக் கழகம் 2024இல் வெளியிட்ட முடிவை அவர் பார்க்கவில்லை. முதல் ஐந்து வயதில் மையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பதினாறு வயதுத் தேர்வில் சராசரியாக 0.8 கிரேடு கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் மூன்று கிரேடு. இந்தப் பலன் முழுவதும் தொடக்ககாலத் திட்டங்களிலிருந்து வந்தது. பின்னாளில் கவுன்சில்களின் கீழ் திறந்த மையங்களில் அது தென்படவில்லை.

2025 ஜூலையில் இன்றைய தொழிற்கட்சி அரசு, 2028க்குள் ஆயிரம் குடும்ப மையங்கள் வரை திறப்போம் என்று அறிவித்திருக்கிறது. செவிலியர் சேவையை ஏற்பாடு செய்யும் பொறுப்பு 2015லேயே கவுன்சில்களிடம் திரும்பிவிட்டது. ஒரே கூரை, ஒரே எஜமானர் என்பது ஓரளவுக்குக் கைகூடியாயிற்று. ஆனால் ஜெயித்த மையங்களில் அதோடு தாராளமான பணமும், அதைச் செலவழிப்பதில் தாய்மாருக்குக் குரலும் இருந்தன. அந்த இரண்டையும் தராமல் ஆயிரம் பலகைகளை மாட்டினால், 2005இல் கிளாஸ் எழுதிய புகாரை இன்னொருவர் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.