உயர்கணித வகுப்பின் வாயில்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கல்வி உரிமைப் போராட்டங்களைப் பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். அதனைப் பிறர் நன்கு எழுதியுள்ளனர். ஆதலின், சவ்வாது மலையடிவார ஊர்களில் பேச்சில்கூட வராத ஒரு வகுப்பறையின் வரலாற்றைக் கூற முற்படுகிறோம். நாம் வரலாறு படித்தவர். கணிதத்திற்கும் நமக்கும் பள்ளியோடு உறவு முடிந்தது. பிழையிருப்பின் கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

சென்னைப் பல்கலைக்கழகம் முன்னாளில் சாதாரண பி.ஏ. பட்டத்துடன் ஆனர்சு என்னும் சிறப்புப் பட்டத்தையும் வழங்கி வந்தது. இண்டர்மீடியட் முடித்தபின் மூன்றாண்டுகள் ஒரே பாடத்தை ஆழ்ந்து கற்பது அதன் முறை. மாநிலக் கல்லூரி, இலயோலா கல்லூரி போன்ற சிலவற்றிலேயே கணித ஆனர்சு இருந்தது. இலயோலாவில் 1939 முதல் கற்பித்தவர் சார்லசு இரசீன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். தேர்வுப் பாடத்தோடு நில்லாமல், ஐரோப்பாவில் அன்று புதிதாக வளர்ந்த கணிதத்தை அவர் மாணவர்க்குக் காட்டினார். அவரிடம் பயின்ற எம்.எசு.நரசிம்மன், சி.எசு.சேசாத்திரி இருவரும் 1953இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது.

இவர்களுள் நரசிம்மன், நம் மலையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில் 1932இல் பிறந்தவர். நாட்டுப்புறப் பள்ளியில் படித்தவர். அதே ஆண்டில் அதே மாவட்டத்துச் சேரியில் பிறந்த பிள்ளையின் நிலை யாது? தொழிலாளர் துறை நம் மக்களுக்கென நடத்திய பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகளே. எழுத்தும் வாய்பாடும் கற்றபின் பிள்ளை மாடு மேய்க்கப் போனான். ஆனர்சு வகுப்பின் கதவை அவனுக்கு எவரும் சாத்த வேண்டிய தேவையே எழவில்லை. அதுவரை செல்லும் பாதையே அவனுக்கு இல்லை.

1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன; பழைய ஆனர்சு மறைந்தது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் பெருகி வரத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே என்பது ஈண்டு கருதத்தக்கது.

புள்ளியியலின் கதை வேறு. 1931இல் மகலனோபிசு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். சி.ஆர்.இராவ் ஆந்திராவில் கணிதம் பயின்றபின், விண்ணப்பம் உரிய நாளில் சேரவில்லை என்று ஆய்வு உதவித்தொகை மறுக்கப்பட்டவர். வேலை தேடிக் கல்கத்தா சென்ற இடத்தில் அந்நிறுவனத்தைக் கண்டு, 1941இல் சேர்ந்து, உலகப் புகழ் பெற்றார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்நிறுவனம், 1960இல் பி.ஸ்டாட். வகுப்பையும், 2000இல் பெங்களூரில் பி.மேத். வகுப்பையும் தொடங்கியது. நெடுங்காலமாகவே அங்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இட ஒதுக்கீடு உண்டு. சேசாத்திரி 1989இல் சென்னையில் தொடங்கிய கணித நிறுவனமும் 1998 முதல் இளநிலை ஆனர்சு வகுப்பை நடத்துகிறது.

எண்ணிக்கைக் கலை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். மக்களவையில் நமக்குரிய தனித்தொகுதிகளை அரசியல் சட்டத்தின் 330ஆம் பிரிவு மக்கள்தொகை விகிதத்தாலேயே வரையறுக்கிறது. அவ்வெண்ணிக்கையை எடுப்போரும் ஆராய்வோரும் பிறராகவே இருத்தல் வேண்டுமா?

இனி, நம் குற்றத்தையும் மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் காவலூர் வானாய்வகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் ஒரு மாணவன், கணக்கில் எப்போதும் முதல்வன், "ஐயா, இங்கு வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டான். "முதலில் மதிப்பெண் வரட்டும், பார்க்கலாம்" என்றோம். மதிப்பெண் வந்தது, நூற்றுக்கு நூறு. அதன்பின் விசாரித்தபோதுதான், மேற்சொன்ன இரு நிறுவனங்களுக்கும் நுழைவுத் தேர்வு உண்டென்பதும், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவருமுன்பே விண்ணப்ப நாள் கழிந்துவிடும் என்பதும் நமக்குத் தெரிந்தன. நம் வீடுகளிலோ முடிவு வந்தபின்னரே கல்லூரிப் பேச்சு தொடங்கும்.

அவன் அருகிலிருந்த கல்லூரியில் கணிதம் பயின்று, இன்று ஒரு வங்கியில் எழுத்தராக உள்ளான். சென்ற பொங்கலுக்கு இல்லம் வந்தவன், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தன் தங்கையையும் உடன் அழைத்து வந்திருந்தான். அமர்ந்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி: "ஐயா, இவ்வாண்டு அந்த விண்ணப்பம் எப்போது வருகிறது?"