ஜோலீன் (இசை ஆல்பம்)

'ஜோலீன்' அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் 1974 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பம். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக இதைத் தயாரித்தவர் பாப் ஃபெர்குசன். பாடல்கள் நாஷ்வில் நகரில் பதிவாயின. பத்துப் பாடல்களில் பெரும்பாலானவை பார்ட்டனே எழுதியவை. ஒன்று கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனருடையது. கன்ட்ரி ஆல்பங்களின் தரவரிசையில் இது ஆறாம் இடம் வரை சென்றது. ஆனால் இன்றும் இந்த இசைத்தட்டின் பெயரைச் சொல்லவைப்பவை இரண்டு பாடல்கள்தாம்.

முதலாவது, 1973 அக்டோபரில் தனிப்பாடலாக வந்த 'ஜோலீன்'. திருமணமான புதிதில், வங்கியில் வேலை பார்த்த செம்பட்டை முடிக்காரி ஒருத்தி தன் கணவர் கார்ல் டீனிடம் சற்று அதிகமாகவே சிரித்துப் பேசியதுதான் பாட்டுக்குக் கரு என்பார் பார்ட்டன். பெயர் வேறிடத்திலிருந்து வந்தது: மேடையருகே கையெழுத்து வாங்க வந்த சிறுமியின் பெயர் ஜோலீன். அந்தப் பெயர் பிடித்துப்போய், மறந்துவிடாமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பல்லவியில் அடுத்தடுத்து நான்கு முறை வரும் அந்த விளியில் இந்த முணுமுணுப்பு அப்படியே இருக்கிறது. கிதார் நரம்புகளை விரல்கள் ஓயாமல் மீட்டிக்கொண்டே ஓட, மேலே ஒரு பெண் குரல் கெஞ்சுகிறது. பாட்டில் சாபம் இல்லை, வசை இல்லை. தன் கணவனைக் கவரக்கூடியவளின் அழகை மனமாரப் புகழ்ந்து, அவளிடமே முறையிடுகிறாள் மனைவி. இந்த நேர்மைதான் பாட்டின் பலம். 1974 பிப்ரவரியில் அது அமெரிக்கக் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 1976இல் பிரிட்டனில் ஏழாம் இடம்.

இரண்டாவது, 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. கேட்பவர் காதலர் பிரிவு என்றே நினைப்பார். உண்மையில் அது வேலையிலிருந்து விடைபெறும் பாட்டு. 1967 முதல் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்த பார்ட்டன் தனிவழி போக விரும்பினார். வேகனருக்கோ அனுப்ப மனமில்லை. வாதாடி அலுத்த பார்ட்டன், சொல்ல வேண்டியதைப் பாட்டாக்கி அவர் முன்னாலேயே பாடிக்காட்டினார். வேகனர் கண்கலங்கிச் சம்மதித்தார் என்று பார்ட்டன் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1974இல் இதுவும் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது.

எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட ஆசைப்பட்டார். பதிப்புரிமையில் பாதி தரவேண்டும் என்று அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் நிபந்தனை போட்டார். எல்விஸ் குரலில் தன் பாட்டைக் கேட்கும் ஆசை பார்ட்டனுக்கும் இருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டு, இரவெல்லாம் அழுதாராம். 1982இல் ஒரு திரைப்படத்துக்காக அவரே மறுபடி பாடியபோது பாட்டு மீண்டும் கன்ட்ரியில் முதலிடம் ஏறியது. 1992இல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடியது, பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதியவருக்குரிய உரிமை அப்போதும் பார்ட்டனின் கையில்தான் இருந்தது.