ஞாயிறு நடுவர்கள்: அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டமில்லா மாதங்களும் முழுநேர நடுவர் முயற்சியும்

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஆட்டம் வேறு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரில் ஆடுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எதிரியை இடித்துத் தள்ளும் ஆட்டம். அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டத்துக்கு ஏழு நடுவர்கள். வெள்ளைத் தொப்பி அணிந்தவர் தலைமை நடுவர். 'ரெஃபரி' என்ற பெயர் முறைப்படி அவர் ஒருவருக்கே உரியது. மற்ற ஆறு பேருக்கும் கறுப்புத் தொப்பி, தனித்தனிப் பெயர், நிற்பதற்குத் தனித்தனி இடம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை எல்லோருக்கும் பொது.

இன்னொன்றும் இவர்களுக்குப் பொது: பெரும்பாலோருக்கு வேறொரு வேலை உண்டு. 28 பருவங்கள் களத்தில் நின்ற எட் ஹோக்கூலி, அரிசோனாவில் வழக்கறிஞர். ஜீன் ஸ்டெரடோருக்குத் துப்புரவுப் பொருள் வியாபாரம். வால்ட் கோல்மன் பால் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பில் வினோவிச் கணக்காளர். 2015இல் லீகின் முதல் நிரந்தரப் பெண் நடுவரான சாரா தாமஸ், மருந்து நிறுவனப் பிரதிநிதியாக இருந்தவர். கோடிக்கணக்கான டாலர் புரளும் ஆட்டத்தில் தீர்ப்புச் சொன்னவர்கள் திங்கட்கிழமை தம் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள்.

தொடக்கத்தில் ஆட்டக்காரர்களின் நிலையும் இதுதான். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், 1920 செப்டம்பரில், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் கூடிப் பேசியவர்கள் உருவாக்கியதே இந்த லீக். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஆட்டக்காரரின் சம்பளம் ஆண்டு முழுவதற்கும் போதவில்லை. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சக் பெட்னாரிக் பருவம் முடிந்ததும் கான்கிரீட் விற்கப் போவார். 'கான்கிரீட் சார்லி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான், அவருடைய முரட்டு ஆட்டத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. கோடையில் ஏதாவதொரு கல்லூரி வளாகத்தில் நடந்த பயிற்சி முகாமின் முதல் வேலை, குளிர்காலத்தில் ஏறிய தொப்பையைக் கரைப்பது.

தொலைக்காட்சி வந்து கணக்கை மாற்றியது. 1962இல் சி.பி.எஸ். நிறுவனத்துடன் லீக் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர். அணிகள் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. பணம் பெருகப் பெருக ஆட்டக்காரரின் ஓய்வு மாதங்கள் சுருங்கின. எடைப் பயிற்சி, சிறு முகாம்கள், 'ஓ.டி.ஏ.' எனப்படும் அணிப் பயிற்சி நாட்கள் என்று நாட்காட்டி நிரம்பியது. தோள்கவசம், ஹெல்மெட்டுடன் ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி எடுப்பது ஆண்மைக்கு அடையாளமாகக் கருதப்பட்டது.

அந்தப் பெருமைக்கு விழுந்த அடி 2001 ஆகஸ்ட் 1. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், மான்கேட்டோவில் நடந்த முகாமில் வெப்பத்தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார். வயது 27. பயிற்சியைக் கட்டுப்படுத்தும் கண்டிப்பான விதிகள் வர அதன் பிறகும் பத்தாண்டுகள் ஆயின. 2011இல் ஆட்டக்காரர் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் ஓய்வுக்காலப் பயிற்சியை ஒன்பது வாரங்களாகக் குறைத்து மூன்று கட்டங்களாகப் பிரித்தது. முதலில் உடற்பயிற்சி மட்டும். அடுத்து எதிரணி இல்லாத களப்பயிற்சி. கடைசியில் பத்து நாள் ஓ.டி.ஏ., அதிலும் மோதல் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. 2016இல் மீறிய சியாட்டில் சீஹாக்ஸ் அணி 4 லட்சம் டாலர் அபராதம் கட்டியதோடு, புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாய்ப்பையும் இழந்தது.

இப்படி ஆட்டக்காரர் ஆண்டு முழுவதும் தொழிலாளி ஆனார். நடுவர் ஆகவில்லை.

நடுவர் கலை வளராமல் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. கோடு போட்ட சட்டை, 1921இல் லாயிட் ஓல்ட்ஸ் என்ற மிச்சிகன் நடுவரின் யோசனை. வெள்ளைச் சட்டையில் நின்ற தன்னை ஆட்டக்காரர் என்று எண்ணிப் பந்தை எறிகிறார்களே என்ற எரிச்சலில் பிறந்தது. தவறுக்குக் கொடி வீசும் வழக்கம் 1941இல் யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் ட்வைட் பீடியிடமிருந்து வந்தது. முதல் கொடிகளைத் தைத்தவர் அவர் மனைவி. 1938இல் லீகின் நடுவர் மேற்பார்வையாளரான ஹியூ 'ஷார்ட்டி' ரே, ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக ஆட்டங்களை அளந்தார், நடுவர்களுக்கு விதிமுறைத் தேர்வு வைத்தார். 1968இல் அந்தப் பொறுப்புக்கு வந்த ஆர்ட் மெக்நாலி, ஒவ்வொரு ஆட்டத்தின் படச்சுருளையும் ஓட்டிப் பார்த்து நடுவர்களை மதிப்பிடும் முறையை நிறுவினார். 1978இல் ஓர் ஆட்டத்தின் நடுவர் எண்ணிக்கை ஏழானது. வேலையின் தரம் தொழில்முறையானது. வேலை மட்டும் பகுதிநேரமாகவே நீடித்தது.

அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஆட்டம் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் சூப்பர் பௌல் எனப்படும் இறுதியாட்டத்தோடு முடிகிறது. மீதி மாதங்களில் நடுவர் எதற்குத் தீர்ப்புச் சொல்வார்? கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், இங்கே 17. ஆகஸ்ட் முகாம்களுக்கு நடுவர்கள் சில நாட்கள் போகிறார்கள். பயிற்சியாட்டங்களில் விசில் ஊதுகிறார்கள், புதிய விதிகளை வீடியோ போட்டு ஆட்டக்காரர்களுக்கு விளக்குகிறார்கள். ஆனால் வசந்தகால ஓ.டி.ஏ.க்களில் மோதலே இல்லை. தடுப்பவர் எதிரியின் சட்டையைப் பற்றினாரா, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாரா என்பது உடல்கள் முட்டும்போது மட்டுமே தெரியும் நுட்பம். ஆட்டக்காரரின் உடலைக் காத்த விதி, நடுவரின் கண்ணுக்குப் பயிற்சி தரும் வாய்ப்பைக் குறைத்துவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

2012இல் ஓய்வூதியத் தகராறு முற்றி, லீக் 121 நடுவர்களையும் வெளியே நிறுத்திக் கதவை அடைத்தது. மாற்று நடுவர்கள் வந்தார்கள். செப்டம்பர் 24, திங்கள் இரவு, சியாட்டில். 12-7 என்று பின்தங்கியிருந்த சீஹாக்ஸின் ரஸ்ஸல் வில்சன் கடைசி நொடிகளில் பந்தை எல்லைப் பகுதிக்குள் உயர வீசினார். கிரீன் பே அணியின் எம்.டி. ஜென்னிங்ஸ் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தார். அதே பந்தில் சியாட்டிலின் கோல்டன் டேட்டின் கையும் இருந்தது. குவியலுக்கு மேல் இரண்டு நடுவர்கள். ஒருவர் இரு கைகளையும் நேராக உயர்த்தி, சியாட்டிலுக்குப் புள்ளி தரும் 'டச்டவுன்' என்றார். அதே நொடியில் மற்றவர் தலைக்கு மேல் கைகளை ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார். இருவரையும் ஒரே சட்டகத்தில் பிடித்த அந்தப் படம் நாடெங்கும் சுற்றியது. சியாட்டில் 14-12 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதிபர் ஒபாமா வரை பேசினார்கள். இரண்டே நாளில் உடன்பாடு. பால்டிமோரில் களமிறங்கிய பழைய நடுவர்களை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள். வழக்கமாக வசவு வாங்கும் கூட்டத்துக்கு அது அபூர்வமான மரியாதை.

2011இல் சராசரி 1,49,000 டாலராக இருந்த நடுவர் ஊதியம் 2019க்குள் 2,05,000 ஆகும் என்றது அந்த எட்டாண்டு ஒப்பந்தம். சிலரை முழுநேரமாக எடுக்கும் உரிமையும் லீகுக்குக் கிடைத்தது. 2013இல் கார்ல் ஜான்சன் முதல் முழுநேர நடுவரானார். 2017இல் 21 பேர். விதிகளை ஆராய்வது, வீடியோ பார்ப்பது, முகாம்களுக்குச் செல்வது என்று அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பணி வகுக்கப்பட்டது.

திட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயே அடுத்த பெரும் பிழையும் நேர்ந்தது. 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். பந்து வந்து சேரும் முன்பே, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் ராபி-கோல்மன், அதைப் பிடிக்க ஓடிய உள்ளூர் அணியின் டாமிலீ லூயிஸை இடித்துச் சாய்த்தார். கொடி விழவில்லை. ராம்ஸ் 26-23 என்று வென்று சூப்பர் பௌலுக்குப் போனது. அதே ஆண்டில், புதிய ஒப்பந்தப் பேச்சின் நடுவே, முழுநேரத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மிகச் சில பருவங்களில் எடைபோட முடியாத ஒன்றை லீக் அவசரப்பட்டுக் கைவிட்டது என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2001இலேயே முழுநேர நடுவர்களுக்கு மாறியது; அங்கும் சர்ச்சைகள் ஓயவில்லை, ஆனால் அந்த முறையை அவர்கள் கைவிடவில்லை.

பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஒன்பது பருவங்கள் களத்தில் நடுவராக நின்றவர் ஆர்ட் மெக்நாலி. கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ் மண்டபம் 1963இல் திறக்கப்பட்டது. ஷார்ட்டி ரே அதில் 1966இலேயே இடம்பெற்றார், மேற்பார்வையாளராக. என்.எஃப்.எல். களத்தில் நடுவராக நின்ற ஒருவர் முதன்முதலாக அங்கே சேர்க்கப்பட்டது 2022 ஆகஸ்டில், அவர் மெக்நாலி. அப்போது அவருக்கு வயது 97.