முடக்கு வாதத்தில் மருந்துக் கடைப்பிடிப்பு

முடக்கு வாதத்தில் மருந்துக் கடைப்பிடிப்பு என்பது, முடக்கு வாத நோயாளி ஒருவர் மருத்துவருடன் கலந்து ஒப்புக்கொண்ட மருந்துகளை உரிய அளவிலும், உரிய நாளிலும், உரிய காலம் வரையிலும் உட்கொள்ளும் ஒழுங்கைக் குறிக்கும். இந்நோய்க்கான மருந்துகள் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்க வேண்டியவை. இடையில் நிறுத்தினால் மூட்டுகளில் ஏற்படும் தேய்வும் கோணலும் பின்னர் எம்மருந்தாலும் சரிசெய்ய இயலாதவை. ஒரே மருந்து தரப்பட்டாலும் மொழி, இனம், நம்பிக்கை, பொருளாதார நிலை ஆகியவற்றைப் பொறுத்துக் கடைப்பிடிப்பு வேறுபடுகிறது.

சொல்லும் கருத்தும்

முன்னர் மருத்துவர் சொல்லுக்கு நோயாளி "கீழ்ப்படிதல்" என்றே இது பேசப்பட்டது. நோயாளியும் முடிவில் பங்கு கொள்பவர் என்ற கருத்து வலுப்பெற்ற பின்னர் "கடைப்பிடிப்பு" என்ற பொருள்தரும் சொல் வழக்கிற்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளில் நாட்பட்ட நோயாளிகளின் கடைப்பிடிப்பு சராசரியாக 50% அளவே என்று கூறியது. அவ்வறிக்கை காரணங்களை ஐந்து வகைகளாகப் பிரித்தது:

* சமூக, பொருளாதாரக் காரணங்கள்
* மருத்துவ அமைப்பு சார்ந்தவை
* நோயின் தன்மை சார்ந்தவை
* சிகிச்சை முறை சார்ந்தவை
* நோயாளி சார்ந்தவை

நோயாளியை மட்டும் குறை கூறுவது பொருந்தாது என்பதே இவ்வகைப்பாட்டின் சாரம்.

மருந்துகளின் தன்மை

முடக்கு வாதம் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகிறது. ஆண்களைவிடப் பெண்களை இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. மூட்டு வலி மாத்திரைகள் வலியை மட்டுமே குறைக்கின்றன. நோயின் போக்கை மாற்றுபவை மெதோட்ரெக்சேட், சல்பாசலசின், ஐதராக்சிகுளோரோகுயின், லெஃப்ளூனமைடு முதலியவை. இவற்றின் இரண்டு இயல்புகள் கடைப்பிடிப்பைக் கடினமாக்குகின்றன.

முதலாவது, இவை பயன்தர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். வலி மாத்திரையோ ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். எனவே "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்று நோயாளி முதல் மாதத்திலேயே விட்டுவிடுவதுண்டு. வலி தணிந்த பின்னர் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துவோரும் உண்டு.

இரண்டாவது, மெதோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் வாய்ப்புண், இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவை உண்டாகி உயிரிழப்பு வரை செல்லக்கூடும். ஆகவே மருந்தை விடுவது மட்டுமன்றி, மிகுதியாக உட்கொள்வதும் கடைப்பிடிப்புப் பிழையே ஆகும்.

அளவிடும் முறைகள்

வினாத்தாள், மீதமுள்ள மாத்திரைகளை எண்ணுதல், மருந்துக் கடைப் பதிவேடு, திறக்கும் நேரத்தைப் பதியும் மின்னணு மூடி ஆகியவை பயன்படுகின்றன. வாதநோய்க்கென 19 வினாக்கள் கொண்ட வினாத்தாள் ஒன்று 1999இல் நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டது. பெரும்பாலான ஆய்வுகளில் 80% மருந்தேனும் உட்கொண்டால் கடைப்பிடிப்பு போதுமானது எனக் கொள்ளப்படுகிறது. நேரில் கேட்கும்போது நோயாளிகள் உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்வது வழக்கமாதலால் மின்னணு மூடி நம்பகமானதாகக் கருதப்படுகிறது.

பல்வேறு இனத்தவரிடையே ஆய்வுகள்

அமெரிக்காவின் ஊசுட்டன் நகரில் பல்வேறு இனங்களைச் சேர்ந்த, வசதி குறைந்த 107 நோயாளிகளை மின்னணு மூடி கொண்டு இரண்டு ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2013இல் வெளியானது. நோயின் போக்கை மாற்றும் மருந்துகளில் 80% அளவை எட்டியோர் ஐந்தில் ஒரு பங்கினரே. அவ்வாறு எட்டியோரிடம் நோயின் தீவிரம் குறைவாக இருந்தது.

பிரித்தானியாவில் தெற்காசிய வழியினரையும் வெள்ளையரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. மருந்துகள் பொதுவாகத் தீங்கு செய்பவை, மருத்துவர்கள் தேவைக்கு மேல் எழுதுகிறார்கள் என்ற எண்ணம் தெற்காசியரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்தின் தேவையைவிட அதன் தீங்கு பெரிது என்று எண்ணுபவரே மருந்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார். மறதியால் விடுபவருக்கு நினைவூட்டல் போதும். அச்சத்தால் விடுபவருக்கு விளக்கம் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது சிகிச்சைக்கு முதன்மையானது.

கொங்கு நாட்டுச் சூழல்

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்திலுள்ள வெள்ளகோவில் போன்ற சிறு நகரங்களில் விசைத்தறி, எண்ணெய் ஆலை, வேளாண்மை ஆகியவையே முதன்மைத் தொழில்கள். இவை யாவும் கைவிரல்களின் வலுவை நம்பியவை. நோய் முதலில் தாக்குவதும் விரல் மூட்டுகளையே. வாதநோய் வல்லுநரைக் காண ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூர் செல்வோர், பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியையும் இழக்கின்றனர். மருந்தின் விலையைவிட இச்செலவும், இடையிடையே செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையும் பெரும் தடையாகின்றன.

இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோரும், திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த பீகார், ஒடிசா, அசாம் மாநிலத்தவரும் வாழ்கின்றனர். மருந்து அட்டைகளில் பெயரும் அளவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. "வாரம் ஒரு முறை" என்ற ஒரு சொற்றொடர் தெளிவாகப் போய்ச் சேராவிடில் விளைவு ஆபத்தானது.

ஆங்கில மருந்து "சூடு" என்ற கருத்து தமிழகத்தில் பரவலாக உள்ளது. மெதோட்ரெக்சேட்டால் வாய்ப்புண் வரும்போது அக்கருத்து மேலும் உறுதிப்படுகிறது. உண்மையில் இது மருந்தின் பக்கவிளைவு. உடன் தரப்படும் ஃபோலிக் அமிலம் இதைக் குறைக்கிறது. இதை அறியாதோர் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுகின்றனர்.

மரபு மருத்துவமும் கடைப்பிடிப்பும்

சித்த மருத்துவத்தில் இந்நோய் உதிரவாத சுரோணிதத்துடனும், ஆயுர்வேதத்தில் ஆமவாதத்துடனும் ஒப்பிடப்படுகிறது. பலர் இரு முறைகளையும் ஒருங்கே நாடுகின்றனர். ஆனால் மருத்துவரிடம் சொல்வதில்லை. கோயம்புத்தூர் ஆயுர்வேத அறக்கட்டளையில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. 43 நோயாளிகள் மூன்று பிரிவுகளாக ஆயுர்வேத மருந்து, மெதோட்ரெக்சேட், இரண்டும் சேர்ந்தது எனப் பெற்று 36 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் பயனடைந்தனர். எனினும் இது சிறிய முன்னோட்ட ஆய்வு. இதனை மட்டும் கொண்டு மருந்தை மாற்ற இயலாது.

பெயரிடப்படாத பொட்டல மருந்துகள் வேறு வகையானவை. இவற்றில் சிலவற்றில் இசுடீராய்டு கலக்கப்படுவதால் வலி உடனே மறைகிறது. நோயாளி முறையான மருந்தை நிறுத்துகிறார். எலும்புத் தேய்வும் நீரிழிவும் பின்னர் வருகின்றன.

கருவுறுதலும் தட்டுப்பாடும்

மெதோட்ரெக்சேட், லெஃப்ளூனமைடு ஆகியவை கருவைப் பாதிப்பவை. கருவுறத் திட்டமிடும் முன்னரே மருத்துவரின் அறிவுரைப்படி நிறுத்த வேண்டும். ஐதராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் ஆகியவற்றைத் தொடரலாம். இதைக் கூறாதபோது இளம்பெண்கள் எல்லா மருந்துகளையும் ஒருசேர விட்டுவிடுகின்றனர்.

நோயாளியின் விருப்பம் இருந்தும் மருந்து கிடைக்காத நிலையும் ஏற்படுவதுண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனாவுக்கு ஐதராக்சிகுளோரோகுயின் பயன்படும் எனப் பேசப்பட்டபோது, அதை நாள்தோறும் உட்கொண்டு வந்த வாதநோயாளிகள் கடைகளில் அது கிடைக்காமல் அலைந்தனர்.

மேம்படுத்தும் வழிகள்

* மெதோட்ரெக்சேட்டுக்கு ஒரு கிழமையைத் தேர்ந்து, அதைச் சீட்டில் நோயாளியின் மொழியில் எழுதுதல். ஊரின் சந்தை நாளைத் தேர்ந்தால் மறதி குறையும்.
* பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை முதல் நாளே கூறுதல்.
* மரபு மருந்து உட்கொள்கிறாரா எனக் கண்டிக்காமல் கேட்டறிதல்.
* வீட்டார் ஒருவரை உடன் அழைத்து விளக்குதல்.
* மக்கள் மருந்தகம், 2025இல் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகம் போன்ற குறைந்த விலைக் கடைகளைச் சுட்டுதல்.

இவற்றையும் பார்க்க

* முடக்கு வாதம்
* சித்த மருத்துவம்
* வெள்ளகோவில்