கரிவண்டிக் காலம் – 7: குருவின் ஏணி, சீடனின் பல்

1882-இல் குன்னூருக்கு வந்த அந்தச் சுவிட்சர்லாந்துக்காரர் யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினேன்.

பெயர் நிக்லாஸ் ரிக்கன்பாக். மலையேறும் ரயில் என்றாலே ஐரோப்பா முழுக்க அன்று அடிபட்ட பெயர். தன் நாட்டில் ரிகி என்ற மலைமேல் 1871-லேயே ரயிலை ஏற்றிக் காட்டியவர். அவர் கண்ட வித்தை பார்ப்பதற்கு எளிது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணியைப் படுக்கப் போட்டார். எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு பல்சக்கரம். அது ஏணிப்படிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேலே போகும். ராஜபாளையத்து மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையம் வரை 1873-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்குமேல் குன்னூருக்குக் குதிரை டோங்காவும் மாட்டுவண்டியும்தான். கல்லாறு தாண்டியதும் மலை அப்படியே எழுந்து நிற்கிறது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். சாதாரண எஞ்சினை அங்கே விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.

"அண்ணாச்சி, நம்ம ஊர்க் கரிவண்டியும் அதே மீட்டர் கேஜ்தானே? அது மலை ஏறலையா?" என்று நம் ஊர் வாசகர் இங்கே குறுக்கிடுவார். நியாயமான கேள்விதான்.

1927-இல் விருதுநகர் – தென்காசி பாதை போட்டபோது நம் ரயிலடியில் விழுந்த தண்டவாளத்துக்கும் நீலகிரித் தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒன்றேதான், ஒரு மீட்டர். குற்றாலத்தில் சாரல் விழுந்த சேதி வந்தால் புளியோதரை மூட்டையோடு இங்கே வண்டி ஏறியவர்கள், ஜன்னலில் தலையை நீட்டிக் கண்ணில் கரித்தூசி வாங்கியவர்கள், இன்றும் திண்ணைகளில் இருக்கிறார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய். அங்கே பின்னாலும் ஓர் எஞ்சினைக் கோத்துத் தள்ளுவார்கள். வண்டி மூச்சு வாங்கியபடி புனலூர்ப் பக்கம் இறங்கிவிடும். பல்சக்கரம் தேவைப்படவில்லை. அந்த வசதியே பிறகு அதற்கு எமனாயிற்று. வேறு வண்டியாலும் ஏற முடியும் என்றால் பழைய வண்டி எதற்கு? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாதை அகலப்பாதையாயிற்று. செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் 2010-இல் நின்றது. 2018-இல் அகல ரயிலாகத் திரும்பி வந்தது. நீலகிரிக்கு மட்டும் யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பாசத்தால் காப்பாற்றினார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த ஏற்றத்தில் பல் இல்லாத எதுவும் ஏறாது. அதனால் கை வைக்க முடியவில்லை.

சரி, ரிக்கன்பாக்குக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட அவர் போட்ட திட்டத்தை நம்பி 'நீலகிரி ரிகி ரயில்வே' என்று ஒரு கம்பெனியே தொடங்கினார்கள்; பிறக்காத பிள்ளைக்கு அயலூர் மலையின் பெயர்! லண்டனில் பணம் போடக்கூடியவர்கள் அரசின் உத்தரவாதம் கேட்டார்கள். அரசு கைவிரித்தது. ஏணி வரைபடத்தோடு நின்றது.

அதே 1882-இல் இன்னொரு சுவிட்சர்லாந்துக்காரர் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ரோமன் ஆப்ட். ரிக்கன்பாக்கிடமே வேலை பார்த்துத் தொழில் கற்றவர்! குருவின் ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளை அருகருகே நிறுத்தினார். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஒரு பல் பிடியை விடுவதற்குள் அடுத்தது கவ்வியிருக்கும். வண்டி குலுங்காது, பிடி நழுவாது. கடைசியில் நீலகிரியில் பதிந்தது இந்தச் சீடனின் பல்தான்.

இன்றும் மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் ஏறி உட்கார்ந்தால் அதைக் காதாலேயே கேட்கலாம். கல்லாற்றில் தரையடியிலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம், பல் கோத்துக்கொண்டது. எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முன்பெட்டி மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் பச்சை, சிவப்புக் கொடிகள்தான் அவருக்குக் கண். மற்றப் பெட்டிகளிலும் பிரேக்கைப் பிடித்தபடி ஆள் நிற்பார்கள். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்ச் சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கவனம், அதே முகம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டில் வேலை செய்த நீராவியையே அடுத்த இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். பிழிந்த தேங்காயில் இரண்டாம் பால் எடுக்கிற சிக்கனம். குன்னூரில் பல்பாதை முடிகிறது. ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர். ஏறி முடிக்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்.

ஆனால் அந்தப் பல் மலையில் பதிவதற்குள் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. 1885-இல் புதிய கம்பெனி பிறந்தது. 1891 ஆகஸ்டில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டிப்போட்டார். பாறையை உடைத்தார்கள், காட்டைத் திருத்தினார்கள். மலை காசைத் தின்றுகொண்டே இருந்தது. மூன்றே ஆண்டுகள். 1894-இல் கஜானா காலி. கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஒரு பயணிகூட ஏறியிராத பாதை விலைக்கு நின்றது.

வாங்க முன்வந்தவர்கள் யார்? ஏணி, பல் இரண்டும் சுவிட்சர்லாந்துக்காரர் மூளையில் உதித்தவை என்றேன். ஆனால் இந்த மலையில் முதன்முதலாக ஏறிய எஞ்சின் சுவிட்சர்லாந்தில் செய்ததல்ல. பிறகு எந்த ஊர்ப் பட்டறையிலிருந்து கப்பல் ஏறியது?

(தொடரும்)